கடைசியாக என்ன சொன்னான்

முதலில் காலியானது பிரார்த்தனை மன்றத்தின் பின்வரிசைதான். அங்கே எப்போதும் இளவட்டங்கள் உட்காருவார்கள். தூங்கி வழிவதற்கும், பிரார்த்தனை முடிந்த கையோடு முதல் ஆளாக வெளியே ஓடுவதற்கும் அந்த இடம்தான் தோது. அதனால் அந்த பெஞ்சுகள் வெறிச்சோடியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படகு வேலை, வலை வேலை, வயசுக் கோளாறு என்று ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். அப்புறம் நடுவரிசை காலியாகத் தொடங்கியது. அங்கே உட்காருகிறவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். அப்போதுதான் ஊருக்கு உறைத்தது.

ஐஸ்காரருக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. பின்வரிசையிலிருந்து முதலில் எழுந்து போனவன் அவர் மகன்.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஐஸ் ஃபேக்டரியில் அவர்தான் மூத்த ஆள். தரைக்கு அடியில் பெரிய தொட்டி, அது நிறைய உப்புத் தண்ணீர். அதில் வரிசை வரிசையாகத் தகரக் கேன்கள் முங்கிக் கிடக்கும். கேனுக்குள் நல்ல தண்ணீர். குழாய் விட்டுக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் ஐஸ் கண்ணாடி மாதிரி வரும். ஊதாமல் விட்டால் பால் கலந்தது போல வெளுத்துப் போகும். உறைந்ததும் கேனைச் சங்கிலி போட்டுத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால் ஐஸ் பார் தானாக வழுக்கிக்கொண்டு பலகையில் வந்து விழும். அதைக் கொக்கியால் இழுத்து உடைக்கிற மிஷினுக்குள் தள்ளவேண்டும். மறுபக்கம் படகுக்காரன் கூடையோடு திட்டிக்கொண்டு நிற்பான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே ஐஸ்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பார். விரல் நுனிகளில் உணர்ச்சி போய் வருஷக்கணக்காகிறது. கொதிக்கிற டீ கிளாஸை அவர் முழுக்கையால் பிடிப்பதைப் பார்த்து வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் மிரளுவார்கள்.

அவருக்குக் கடவுள் என்றால் பெரிய விவகாரம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடினால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும், அவ்வளவுதான். கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தில் வேலை நேரத்தில் வாய்விட்டுப் பேசமுடியாது. அதனால் அவர் மனசுக்குள்ளேயே பேசிப் பழகியவர். மீன் வரத்து, மனைவியின் முட்டிவலி, கூட வேலை செய்கிற சோடாபுட்டியின் அரட்டை என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்க ஆள் இருந்தது.

மகனுக்கு ஊர் வைத்த பெயர் கேள்வி. நாக்கு திருந்தாத வயசிலேயே ஏன், எதுக்கு என்று உயிரை வாங்கியவன். வளர்ந்து படகு எஞ்சின் மெக்கானிக்காக ஆன பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எஞ்சினிடமும் அவன் அப்படித்தான் கேட்பான் என்பார்கள்: "ஏன் இருமுற, எங்க வலிக்குது?"

ஒரு புயலில் ஊர்ப் படகுகள் சில திரும்பவில்லை. ஊரே மன்றத்தில் கூடி, தொண்டை வற்றும்வரை பிரார்த்தனை செய்தது. அலை ஓய்ந்து, படகின் பலகைகள் மட்டும் கரை ஒதுங்கின. அடுத்த கூட்டத்தில் மன்றத்துப் பெரியவர், அந்தப் படகுகளில் ஏதோ பாவம் இருந்திருக்கிறது என்று பேசினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அழுதுகொண்டிருந்த சனங்களுக்கு ஒரு காரணம் சொல்லவேண்டியிருந்தது, வாயில் வந்ததைச் சொன்னார். பின்வரிசையில் கேள்வி எழுந்து நின்றான்.

"எந்தப் படகுல என்ன பாவம்னு சொல்லுங்க பெரியவரே. என்கூடப் படிச்சவன் ஒருத்தன் அதுல போனான். கல்யாணம் ஆன புதுசு. அவன் என்ன பண்ணான்?"

"உக்காருப்பா."

"நாம இத்தன பேரு கேட்டோமே. அவருக்குக் கேக்கலையா, இல்ல கேட்டும் பேசாம இருந்துட்டாரா?"

"உக்காருன்னு சொல்றேன்ல."

"பதில் சொல்லுங்க, உக்காருறேன்."

பதில் வரவில்லை. அவனும் உட்காரவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வெளியே போனான். மூன்றாம் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஐஸ்காரருக்கு அந்தச் செருப்புச் சத்தம் கடைசிவரை காதில் விழுந்தது.

அதன்பின் பிரார்த்தனை நேரத்தில் எஞ்சின் ஷெட் திறந்திருக்க ஆரம்பித்தது. கவிழ்த்துப் போட்ட டிரம்களில் உட்கார்ந்து பாதி நேரம் விவாதம், பாதி நேரம் டீ. முதலில் கேள்வியும் அவன் கூட்டாளி ஸ்பேனரும்தான். பிறகு வலைக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி வந்தாள். அவளும் கேள்வியும் ஒருவரையொருவர் விரும்புவது ஊருக்கே தெரியும். பிறகு புயலில் அண்ணனைப் பறிகொடுத்தவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஊர் ரெண்டாகப் பிளந்தது. டீக்கடையில் சுவரோர பெஞ்சு ஒரு கட்சி, வாசல் பெஞ்சு ஒரு கட்சி. மாப்பிள்ளை மன்றத்தில் உறுதி சொல்ல மாட்டேன் என்றதால் ஒரு கல்யாணம் நின்றுபோனது. அப்பனும் மகனும் ஒரே படகில் பேசாமல் வலை இழுத்தார்கள். மன்றத்து வாசலில் ஆதரவற்ற பெண்களுக்கு ஊற்றுகிற கஞ்சி, ஆள் குறையக் குறையத் தண்ணீராகி, ஒருநாள் நின்றேபோனது. ஷெட்டுப் பிள்ளைகள் ரோஷப்பட்டு, நாங்கள் ஊற்றுகிறோம் என்று பானை வைத்தார்கள். கொஞ்ச நாள் நடந்தது. படகுகள் மும்முரமாகக் கிளம்பும் காலம் வந்ததும் பானை கவிழ்ந்தே கிடந்தது. "இருக்காருன்னு சொன்னப்ப கஞ்சியும் இருந்துச்சு, இல்லன்னு சொன்னதும் அதுவும் போச்சு" என்று ஒரு கிழவி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

மன்றத்துக் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்தது. கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவனுக்கு இடுகாட்டில் இடம் கிடையாது. மனம் மாறித் திரும்பினால் உண்டு. ஊரில் இருந்தது ஒரே இடுகாடு, அதன் சுவரும் கேட்டும் மன்றத்துக்குச் சொந்தம்.

அந்தச் செய்தி வந்த அன்று ஐஸ்காரர் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உன் அக்கா அங்க இருக்காடா. பல்லு முளைக்கிறதுக்குள்ள போனவ. அந்தச் சுவரோரமா இத்தன வருஷமா தனியா கிடக்கா. நாம எல்லாரும் ஒருநாள் அங்க போய்ச் சேருவோம்னுதான் நான் மனசைத் தேத்திக்கிட்டிருக்கேன். நீ மட்டும் எங்கடா போவ?"

"எனக்கு என்னம்மா இப்ப அவசரம்?" என்றான் கேள்வி.

"விளையாடாத."

"விளையாடலம்மா. செத்தவனுக்கு எங்க கிடந்தா என்ன? உசிரோட இருக்கிறப்ப ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். தட்டை எடு."

அவள் எடுக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். ஐஸ்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஊருக்கு என்ன வேணா சொல்லிக்கோ. எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு. உள்ளுக்குள்ள ஒரு துளிகூட இல்லையா?"

"இல்லப்பா."

"நான் கண்ணை மூடினா ஒருத்தர் கேக்குறாருடா. பொய் இல்ல."

"நீ பேசுறது உனக்கே கேக்குதுப்பா. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. நல்லதுதான் அது."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். ஐஸ்காரருக்கு அது, நீண்ட நாள் சிநேகிதன் ஒருவனைப் பற்றி யாரோ காதில் வந்து கோள் சொன்னது மாதிரி இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், துறையில் ஒரு படகின் வலை இழுக்கிற விஞ்ச் கம்பி அறுந்து கேள்வியின் வயிற்றில் அடித்தது. வெளியே காயம் கொஞ்சம்தான். தானாகவே எழுந்து உட்கார்ந்து, "கம்பி துருப்பிடிச்சிருக்குன்னு போன வாரமே சொன்னேன்ல" என்று படகுக்காரனைத் திட்டினான். சாயங்காலம் சுருண்டு விழுந்தான். துறைமுக ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து தைத்தார்கள். தேறிவிடுவான் என்றார்கள். பிறகு காய்ச்சல் வந்தது, இறங்க மறுத்தது. ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்று டாக்டர் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லும்போது அவர் ஐஸ்காரரின் முகத்தைப் பார்க்காமல், விரிந்து தடித்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐஸ்காரரின் மனைவி ஆஸ்பத்திரிக்கும் மன்றத்துக்குமாக அலைந்தாள். முன்வரிசைப் பெண்கள் அவளோடு முழங்காலில் நின்றார்கள். ஊர் என்ன பேசினாலும் அவர்கள் வந்தார்கள். சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், துவைத்த துணி, ரொட்டி என்று ஏதாவது கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஷெட்டுப் பிள்ளைகள் ரத்தம் கொடுத்தார்கள். வலைக்கூடத்துப் பெண் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். கேள்வியின் அம்மா இருந்தால் உள்ளே வரமாட்டாள். தன் பிள்ளையைக் கெடுத்தது அவள்தான் என்று அம்மாவுக்கு ஒரு நினைப்பு.

அவன் போனது ஒரு மத்தியான வேளை. வெளியே நல்ல வெயில். அம்மா மன்றத்துக்குப் போயிருந்தாள். வலைக்கூடத்துப் பெண் வேலையில் இருந்தாள். ஐஸ்காரர் மட்டும் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையை அவன் நெற்றியில் வைத்திருந்தார். அந்தக் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும், அவனுக்கு அது இதமாக இருந்தது.

"அப்பா."

"இங்கதான்டா இருக்கேன்."

"பயமா இருக்குப்பா."

ஐஸ்காரர் குனிந்து அவன் காதருகே போனார். "ஒரு தடவை அவரைக் கூப்பிடுடா. எனக்காக. யாரும் இல்ல, யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை."

அவன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். கோபம் இல்லை. சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று உதட்டோரம் வந்துபோனது.

"உன்னைத்தானேப்பா கூப்பிட்டேன்" என்றான்.

அதன்பிறகு மூச்சு மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. அம்மா வந்து சேர்ந்தபோது நர்ஸ் ஊசிக் குழாயைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வெயில் விடவில்லை, காற்று அசையவில்லை. சோடாபுட்டி ஃபேக்டரி வண்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரு புள்ளி வெள்ளை இல்லாமல், கண்ணாடி மாதிரி தெளிந்த பார்களாகப் பொறுக்கி எடுத்து வந்திருந்தான். அவனுக்குச் சொல்லத் தெரிந்த ஆறுதல் அதுதான். ஐஸ்காரர் யாரையும் தொடவிடவில்லை. ஐஸ் மேல் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக் கழுவி, கொக்கி போடாமல் கையாலேயே தூக்கி, மகனைச் சுற்றி ஒவ்வொன்றாக அடுக்கினார். ஆயுசு முழுக்க மீனுக்கு அடுக்கிய கை.

ஷெட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். ஸ்பேனர் உள்ளே வந்து மெதுவாகச் சொன்னான்: "மாமா, டவுன்ல பொது இடுகாடு இருக்கு. அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. லாரி சொல்லிட்டேன். அவன் கொள்கைக்கும் அதுதான் மரியாதை."

"டவுனா?" என்றாள் அம்மா. அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்தவள் நிமிர்ந்தாள். "முகம் தெரியாத பொணங்களுக்கு நடுவுல என் புள்ளையைப் போட்டுட்டு வரணுமா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எத்தன தடவ டவுனுக்குப் போய்ப் பாப்பேன்? அவ இங்க, இவன் அங்கயா? என்னையும் லாரில ஏத்திட்டுப் போங்க. அங்கயே ஒரு குழியில தள்ளிடுங்க."

ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

அந்தச் சமயத்தில்தான் மன்றத்துப் பெரியவர் வந்தார். கண் சிவந்திருந்தது. ஐஸ் பார்களுக்கு நடுவே கிடந்தவனை வெகுநேரம் பார்த்தார். "இவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்திருக்கேன். அப்பவே காதைப் பிடிச்சு இழுத்து ஏன் ஏன்னு கேப்பான்" என்றார். பிறகு ஐஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"ஐஸ்காரரே, கமிட்டி முடிவை நான் ஒருத்தனா மாத்த முடியாது. இவனுக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும்னு கேப்பாங்க. ஆனா முடிவுல ஒரு வழி வெச்சிருக்கோம், உங்களுக்கே தெரியும். கடைசி நேரத்துல கூட இருந்தது நீங்க மட்டும்தான். அவன் ஏதாவது சொன்னானா? ஒரு வார்த்தை போதும். கூப்பிட்டான்னா போதும்."

ஐஸ்காரர் சரிந்த ஒரு பாரை நேராக்கி வைத்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாகப்போறவன் மனசு யாருக்குத் தெரியும்?"

அம்மா எழுந்து வந்து ஐஸ்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மன்றத்தில் முழங்காலிட்ட மண் அவள் சேலையில் இன்னும் இருந்தது. "என்னங்க சொன்னான்? நான் இல்லாம போயிட்டேனே. அங்க முட்டி போட்டு அவனுக்காகத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். சொல்லுங்க. என்ன சொன்னான்?"

ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. தண்ணீர் தரையில் வழிந்து, வாசற்படியைத் தாண்டி, தெருவில் நிற்கிறவர்களின் காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் நகர்ந்து நகர்ந்து நின்றார்கள்.

"கூப்பிட்டான்" என்றார் ஐஸ்காரர்.

"யாரை?" என்றார் பெரியவர்.

ஐஸ்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"அவரைத்தான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு சத்தம் போட்டாள். அது அழுகையா சிரிப்பா என்று கூடியிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வலைக்கூடத்துப் பெண்ணின் கை மெல்ல நழுவியது.

மன்றத்தின் மேடையில் கை வைத்து, கமிட்டி முன்னால் அவர் அதைத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னார். வாழ்நாளில் அதுவரை அந்த மேடையைத் தொட்டுப் பொய் சொன்னது கிடையாது. அன்றே அடக்கம் நடந்தது. சுவரோரம், அக்காவுக்குப் பக்கத்தில்.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், தொட்டி ஓரம் நின்று பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார். சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் யாரும் கேட்கிற மாதிரி இல்லை. கரண்ட் போய் கம்ப்ரஸர் நின்றதும் ஃபேக்டரிக்குள் திடீரென்று ஒரு அமைதி வருமே, அப்படி இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து கேனைத் தூக்கினார். வேண்டும்போது வாயில் வைத்துச் சொல்லிவிடக்கூடிய வெறும் பெயராகக் கடவுள் ஆகிவிட்டார். தான்தான் அதைச் செய்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெரியவர் அடுத்தடுத்த கூட்டங்களில் அவரை எழுப்பிவிட்டு எல்லார் முன்னும் சொல்ல வைத்தார். "கூப்பிட்டான்" என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கே சனங்கள் விம்மினார்கள். நடுவரிசை நிரம்பியது. பின்வரிசையில் தெரிந்த முகங்கள் தென்பட்டன. கேள்வியே கடைசியில் கூப்பிட்டுவிட்டான் என்றால் நாம் எந்த மூலை என்று ஸ்பேனர் ஒருநாள் வந்து உட்கார்ந்தான். எஞ்சின் ஷெட் பிரார்த்தனை நேரத்தில் பூட்டிக் கிடந்தது. மன்றத்து வாசலில் மறுபடி கஞ்சி ஊற்றினார்கள். அந்தக் கிழவி குடிப்பதை ஐஸ்காரர் பார்த்தார். அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

வீட்டில் மனைவிக்கு ஒற்றை வார்த்தை போதவில்லை. சோறு போடும்போது கேட்பாள்.

"எப்படிக் கூப்பிட்டான்? சத்தமாவா?"

"மெதுவாத்தான்."

"கண்ணு திறந்திருந்துச்சா?"

"ம்."

"கையைக் கூப்பினானா?"

"ஊசி குத்தியிருந்துச்சேம்மா கையில."

"அந்த இன்னொரு கை?"

அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஏதாவது ஒன்று சொல்லியாகவேண்டும். சொன்னால் அவள் முகம் தெளியும், அன்றைக்கு அவளும் ரெண்டு வாய் சாப்பிடுவாள். அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. உதடு அசைந்தது, கை உயர்ந்தது, முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

வலைக்கூடத்துப் பெண் ஒருநாள் ஃபேக்டரிக்கே வந்தாள். தோளில் பை. உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சோடாபுட்டி அவளைப் பார்த்ததும் தானாகவே மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போனான்.

"ஊருக்குப் போறேன் மாமா. சித்தி வீட்டுக்கு. இனிமே இங்க என்ன இருக்கு?"

"உக்காரும்மா. இங்க ஈரம். அந்தப் பலகைல உக்காரு."

"ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். நிஜமாவே கூப்பிட்டானா?"

ஐஸ்காரர் கையிலிருந்த கொக்கியைச் சுவரில் மாட்டினார். அது சரியாக மாட்டவில்லை, திரும்ப மாட்டினார். இவளிடம் சொன்னால் ஊர்க்காரர்கள் காதுக்குப் போகும். காதுக்குப் போனால் இடுகாட்டுக் கேட்டுக்கு வரும், மனைவியின் சோற்றுத் தட்டுக்கு வரும்.

"கூப்பிட்டான்மா."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"பயந்திருப்பான். நான் கூட இருந்திருக்கணும். ஜன்னல்லயே நின்னுட்டேன். இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தோமே ஒழிய, பயம் வந்தா என்ன பண்றதுன்னு நாங்க பேசிக்கிட்டதே இல்ல. அவன்கிட்ட நான் எதுவும் குடுத்து அனுப்பல மாமா. அதான் அவரைத் தேடிட்டான்."

"அப்படி எல்லாம் இல்லம்மா."

"வேற எப்படி? சரி மாமா. உடம்பைப் பாத்துக்கோங்க. அத்தையையும்."

அவள் போய்விட்டாள். சோடாபுட்டி வந்து மிஷினைப் போட்டான். ஐஸ்காரர் ஒரு பாரை இழுத்துத் தள்ளினார், இன்னொன்றை இழுத்தார். அதை நடுவழியில் அப்படியே விட்டுவிட்டு ரப்பர் பூட்ஸோடு வெளியே ஓடினார். வெயிலில் கண் கூசியது. பஸ் ஸ்டாண்டில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மீன் கூடைக்காரிகள், சந்தைக்குப் போகிறவர்கள் என்று வண்டி நிறைய ஊர்ச்சனம். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஸ்வெட்டரிலிருந்து ஆவி பறந்தது.

"அவன் யாரையும் தேடலம்மா. நான்தான் கூப்பிடச் சொன்னேன். மாட்டேன்னுட்டான். உன்னைத்தானேப்பா கூப்பிட்டேன்னு எங்கிட்ட சொன்னான். அதான் கடைசி. மண்ணு கிடைக்கணும்னு நான்தான் மாத்திச் சொன்னேன். அவன் கடைசிவரைக்கும் அப்படியேதான் இருந்தான். கேக்குதா?"

எஞ்சின் சத்தத்தில் அவர் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. வண்டிக்குள் பேச்சு நின்றது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கம்பிக்குள் கையை நீட்டி அவர் கையைத் தொட்டாள்.

"எனக்காகச் சொல்றீங்களா மாமா?"

"இல்லம்மா. சத்தியமா."

சத்தியம் என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு தேய்ந்துபோன சொல் என்று அவருக்கே தெரிந்தது. வண்டி நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் நம்பினாளா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் பிறகு எழுதவும் இல்லை, வரவும் இல்லை.

விஷயம் அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவியது. என்ன நடக்கும் என்று ஐஸ்காரர் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்திருந்தார். குழியைத் தோண்டுவார்கள், கல் எறிவார்கள், வேலை போகும். எதுவும் நடக்கவில்லை. பெரியவர் வீட்டுக்கு வந்து தோளில் கை போட்டார்.

"பெத்த மனசு. அந்தப் பொண்ணு அழுதுகிட்டுப் போறதைப் பாத்துட்டு ஏதோ சொல்லியிருக்கீங்க. யாரும் தப்பா எடுத்துக்கல."

"நான் மேடையில சொன்னதுதான் பொய், பெரியவரே."

"மேடையில கை வெச்சு நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா? கொஞ்சம் ஓய்வு எடுங்க."

ஸ்பேனரைத் தேடிப் போய்ச் சொன்னார். அவன் நெடுநேரம் கேட்டுவிட்டு, "எது நிஜம்னு நான் எப்படி மாமா தெரிஞ்சுக்கிறது? ரெண்டையும் நீங்கதானே சொல்றீங்க" என்றான். சொல்லிவிட்டுப் போய் எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. முட்டையை உரித்து அவர் தட்டில் வைத்தாள்.

"பாவம் அந்தப் பொண்ணு. நல்லதுதான் செஞ்சீங்க. அவ மனசுக்கு அப்படி ஒண்ணு வேண்டியிருந்துச்சு."

"நான் சொல்றதைக் கேளும்மா. அவன் கூப்பிடல."

"சாப்பிடுங்க."

"நான் பக்கத்துல இருந்தேன். நான்தான் இருந்தேன்."

"எனக்குத் தெரியும். அதனாலதான் உங்களுக்குத் தாங்கல. சாப்பிடுங்க, ஆறிடும்."

அடுத்த கூட்டத்தில் மன்றம் நிரம்பி வழிந்தது. பின்வரிசையில் இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். பெரியவர் ஐஸ்காரரை எழுப்பினார். அவர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்று ஆகிப்போயிருந்தது. நின்றுகொண்டே இருந்தார். சனங்கள் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்தாள். "அவரால முடியாது. நான் சொல்றேன்" என்றாள்.

அவள் நன்றாகவே சொன்னாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக விழுந்த வெயிலைச் சொன்னாள். ஊசி குத்தாத கை உயர்ந்ததைச் சொன்னாள். உதடு அசைந்ததை, அழைத்த குரலை, அழைத்த பிறகு பிள்ளையின் முகத்தில் வந்த தெளிவைச் சொன்னாள். கூட இருந்து பார்த்தவள் மாதிரி சொன்னாள். ஸ்பேனர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கஞ்சி குடிக்கிற கிழவி சத்தமாக அழுதாள்.

ஐஸ்காரர் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவர் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அந்த மத்தியானத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். உதட்டோரம் வந்துபோன அந்தச் சிரிப்பு எந்தப் பக்கத்து உதட்டில் வந்தது என்று யோசித்தார். மகனின் கண் அப்போது எப்படி இருந்தது என்று யோசித்தார். எவ்வளவு முயன்றும், அவள் சொல்லிக்கொண்டிருந்த முகம்தான் வந்தது.